பால்குடி மறந்த பன்றிக்குட்டிக்கு ஏன் கழிச்சல் வருகிறது?

தேங்காய்ப்பூத் துண்டைத் தடவிப் பாருங்கள். எத்தனை நூல் முடிகள்! பன்றிக்குட்டியின் சிறுகுடலுக்குள்ளும் அப்படித்தான். அந்த முடிகள்தான் சத்தை உறிஞ்சுகின்றன.

தாயைப் பிரித்த அன்று குட்டி என்ன செய்யும்? புதுக் கொட்டில், முகம் தெரியாத குட்டிகள், ஓயாத சண்டை. தீவனத்தை மோந்துவிட்டுப் போய்விடும். ஓரிரு நாள் பட்டினியிலேயே குடல் முடிகள் குட்டையாகிவிடும்.

பிறகு பசி தாங்காமல் ஒரேயடியாகத் தின்னும். நைந்த துண்டு ஈரத்தை எடுக்குமா? செரிக்காத தீவனம் கிருமிகளுக்கு விருந்து. நெருக்கடியான கொட்டிலில் ஒன்றின் கழிச்சல் எல்லாக் குட்டிகளின் காலிலும்!

டென்மார்க் பண்ணைகளில் இதற்குத் துத்தநாக ஆக்சைடைத் தீவனத்தில் கலந்தார்கள். அது சாணத்தோடு வெளியேறி மண்ணில் சேர்கிறதே! மருந்தளவில் அதைக் கலப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் போட்ட தடை 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது.

இப்போது? வெதுவெதுப்பான கூழ், கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்குப் பல தடவை. படுக்க ஈரமில்லாத, கதகதப்பான தரை. வேலை கூடுதல்தான்.