அத்தையின் முதுகும் ஜீப்பின் டயரும்

ஜீப் டயரில் அடிக்கிற காற்றுக்கும் மாமியாரின் முதுகுவலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் சம்பந்தம் இருந்தது.

வன்னியம்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு. தார் ரோடு முடிந்தால் கல்லும் பள்ளமும்தான். நடுவில் ஓர் ஓடை, மழைக் காலம் தவிர வெறும் மணல். காய்ப்புச் சமயத்தில் அத்தைக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஆனால் முதுகெலும்புத் தட்டு விலகி வைத்தியம் பார்த்த உடம்பு. போன வருஷம் பாதி வழியிலேயே, "என்னை இறக்கி விடுங்க, நான் நடந்தே வாரேன்" என்று இறங்கிவிட்டார்கள்.

சீட்டில் மெத்தை போட்டோம், தலையணை வைத்தோம். பலிக்கவில்லை. விலக்கில் பஞ்சர் பார்க்கிற தம்பிதான் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, 40 இருக்கு! டயரைக் கல்லு மாதிரி வச்சிருந்தா ஆச்சி முதுகு என்னத்துக்கு ஆகும்?" என்றார். எங்கள் ஜீப்பின் கதவோரத் தகட்டில் முன் டயருக்கு 28, பின் டயருக்கு 32 என்றுதான் போட்டிருக்கிறது. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று கணக்கு. உங்கள் வண்டிக்கு வேறாக இருக்கும், தகட்டைப் பாருங்கள்.) காற்று கூடினால் வண்டி நன்றாக ஓடும் என்பது என் வீட்டுக்காரரின் நெடுநாள் சித்தாந்தம்!

கரடுமுரடான பாதையில் தகட்டில் உள்ளதிலும் கால் பங்கு குறைக்கலாமாம். எங்களுக்கு முன்னே 21, பின்னே 24. டயர் கொஞ்சம் சப்பளிந்து, கல்லின் மேல் குதிக்காமல் அதை அணைத்துக்கொண்டு போகிறது. குலுக்கலில் பாதியை டயரே வாங்கிக்கொள்கிறது. மணலில் 18 வரை இறக்கினால் சக்கரம் புதையாது. 15க்குக் கீழே மட்டும் போகக் கூடாது, திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். டியூப் போட்ட டயரானால் டியூப் நகர்ந்து வால்வு பிய்ந்துவிடும். தளர்ந்த டயரின் பக்கவாட்டைக் கூரான கல் கிழிக்கும் என்பதால் வேகமும் 20, 25க்கு மேல் வேண்டாம். மாங்காய்க் கூடைகள் ஏற்றினால் பின் டயரில் குறைக்கவே கூடாது.

இத்தனையும் தெரிந்தும் ஒரு நாள் நான் கோட்டை விட்டேன். தோப்பிலிருந்து திரும்பும்போது நேரமாகிவிட்டது. காற்று அடிக்காமலே மெயின் ரோட்டில் ஏறி ராஜபாளையம் பக்கம் விரட்டினோம். பின்னால் அத்தை, மடியில் பேரன். கொஞ்ச தூரத்தில் ரப்பர் கருகுகிற வாடை. இறங்கித் தொட்டால் டயர் கையைச் சுட்டது. காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் மடங்கி மடங்கிச் சூடேறும். இன்னும் சிறிது தூரம் போயிருந்தால் வெடித்திருக்கும். அன்று எனக்குக் கை நடுக்கம் நிற்க வெகு நேரமாயிற்று.

மறு வாரமே பேட்டரியில் ஓடுகிற சின்ன பம்பு வாங்கினோம். தார் ரோட்டில் ஏறுமுன் நின்று, தகட்டில் உள்ள அளவுக்கு அடித்த பிறகுதான் கிளம்புவது.

இன்னொன்று: அளவு பார்ப்பது காலையில், வண்டி எடுக்குமுன். ஓடிச் சூடான டயர் 4, 5 பவுண்டு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றைத் திறந்துவிட்டால் ஆறியதும் குறைந்துபோகும். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். எங்களுடையதில் 12தான் இருந்தது.

இந்த வருஷம் அத்தை தோப்புவரை இறங்கவில்லை. ஓடை வந்ததும், "காத்தை இறக்கியாச்சா?" என்று அவர்கள்தான் கேட்கிறார்கள்.