உழவர் நிகழ்ச்சிக்கு உரிமம் யார் கையில்?

டெலிவிஷன் இல்லாத கிராமம் இன்று தமிழ்நாட்டில் இல்லை எனலாம். ஆயினும் தமது வட்டாரப் பயிருக்கு வேண்டிய செய்தி, வேண்டிய நாளில், அந்தப் பெட்டி வழியாக வருகிறதா என்று கேட்டால் பல விவசாயிகள் உதட்டைப் பிதுக்குவார்கள். இதற்கு நிகழ்ச்சி தயாரிப்பவர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ஒளிபரப்பும் உரிமம் யாருக்கு உள்ளது, உள்ளூர் நிலையம் எந்தப் பெரிய நிலையத்தோடு இணைக்கப்பட்டுள்ளது என்பவற்றைப் பொறுத்தே இது அமைகிறது.

புகையானை எடுத்துக்கொள்வோம். நெருக்கி நட்டு, தழைச்சத்தை மிகுதியாக இட்டு, நீர் தேங்கி நிற்கும் நெல் வயலில் இப்பூச்சி தூர்களின் அடிப்பாகத்தில் பெருகும். தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவை எட்டினால், நன்மை செய்யும் சிலந்திகள் உள்ள வயலில் இரண்டு என்ற அளவை எட்டினால், உடனே நீரை வடித்து, யூரியா மேலுரத்தை நிறுத்திவைத்து, பயிர்ப் பாதுகாப்பைத் தொடங்க வேண்டும். சில நாட்கள் தாமதித்தாலும் பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்துவிடும். சம்பா பயிரிட்ட திருவாரூர் விவசாயிக்கு இது அவசரச் செய்தி. அதே வாரத்தில் கிருஷ்ணகிரி மானாவாரி விவசாயிக்குக் கேழ்வரகும் அவரையும்தான் கவலை. மாநிலம் முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சி என்றால் இருவருக்கும் அரைகுறையாகவே கிடைக்கும்.

வட்டார ஒலிபரப்பு என்ன செய்யும் என்பதைத் தஞ்சை மாவட்டமே ஒருமுறை காட்டியிருக்கிறது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் இரகம் வானொலிப் பண்ணை நிகழ்ச்சிகள் வாயிலாகப் பரவியது. விவசாயிகள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள்.

கேடா மாவட்டத்து அனுபவம்

டெலிவிஷனில் இதற்கு இணையான முயற்சி குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்தில் நடந்தது. அமுல் பாலுக்குப் பேர்போன மாவட்டம் அது. அங்குள்ள மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் 1946-ல் தொடங்கப்பட்டது. 1975-ல் இஸ்ரோ நிறுவனம் பீஜ் என்ற கிராமத்தில் 1 கிலோவாட் சக்தியுள்ள சிறிய ஒளிபரப்பு நிலையத்தை அமைத்தது. சுமார் 400 கிராமங்களில் பொது டெலிவிஷன் பெட்டிகள் வைக்கப்பட்டன. அவற்றில் பல, பால் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களிலேயே இருந்தன. மாலையில் பால் ஊற்ற வருபவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். சங்கம் எங்கு உள்ளதோ, மக்கள் எந்த வேளையில் கூடுகிறார்களோ, அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார்கள். விரிவாக்கப் பணியில் இதைவிடச் சிக்கனமான யோசனையை நான் கண்டதில்லை.

பீஜ் நிலையத்தின் சிறப்பு வேறொன்றும் உண்டு. தூர்தர்ஷனின் பொது நிகழ்ச்சிகளை அது அஞ்சல் செய்தது. ஆனால் நாள்தோறும் ஒரு பகுதி நேரத்தில் அந்த இணைப்பை நிறுத்திவிட்டு, அந்த மாவட்டத்துக்கென்றே குஜராத்தியில் தயாரித்த நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது. நிகழ்ச்சி எழுதும் முன் ஆய்வாளர்கள் கிராமங்களுக்குச் சென்று மக்களிடம் கேட்டறிந்தார்கள். கால்நடைப் பராமரிப்பு, பயிர்த்தொழில் என்பதோடு நில்லாமல், விவசாயத் தொழிலாளர் கூலி, சாதிக் கொடுமை, பெண்களின் நிலை ஆகியவையும் நாடக வடிவில் வந்தன. கிராமத்தார் காமிரா முன் குறைகளைச் சொல்ல, சம்பந்தப்பட்ட அதிகாரி பதில் சொல்லும் நிகழ்ச்சியும் நடந்தது. பக்கத்து ஊர்க்காரர் முகம் திரையில் தெரிந்தால் கேட்பவர் காது தானே விரியும். 1984-ல் யுனெஸ்கோ கிராமத் தகவல் தொடர்புக்கான பரிசை இத்திட்டத்துக்கு வழங்கியது.

அடுத்த ஆண்டிலேயே நிலைமை மாறியது. ஆமதாபாத்தில் தூர்தர்ஷனின் பெரிய நிலையம் வந்துவிட்டதால் பீஜ் தேவையில்லை என்று அரசு கருதியது. அந்தக் கருவியைச் சென்னைக்குக் கொண்டுவந்து நகரத்தின் இரண்டாவது சேனலுக்குப் பயன்படுத்த 1985-ல் முடிவு செய்யப்பட்டது. கேடா மக்கள் எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். இருந்தும் பின்னர் பீஜ் நிலையம் மூடப்பட்டது. பெரிய கோபுரத்தின் படம் சிறிய கோபுரத்தின் எல்லையை மூடிவிட்டது உண்மையே. கேடா விவசாயிக்கு இழப்பு படத்தில் இல்லை. தமது மாவட்டத்துக்காக இணைப்பைத் துண்டிக்கும் அந்த விசை போய்விட்டது.

நாடெங்கும் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். 1984-ல் சில மாதங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு நிலையம் என்ற வேகத்தில் சிறு அஞ்சல் நிலையங்கள் திறக்கப்பட்டன. டில்லியிலிருந்து வந்ததை அப்படியே பரப்புவதே அவற்றின் வேலை. நமது ஊர்களில் உயரக் கம்பத்தில் ஆன்டெனா கட்டி, புரியாத மொழியில் வேளாண்மை கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இன்றைய நிலை

வான் அலைகள் பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் தனியார் செயற்கைக்கோள் சேனல்களும் எஃப்.எம். வானொலிகளும் பெருகின. ஆனால் தரைவழிக் கோபுரத்திலிருந்து டெலிவிஷன் ஒளிபரப்பும் உரிமம் தனியாருக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ, பல்கலைக்கழகத்துக்கோ வழங்கப்படவில்லை. ஒரு மாவட்டத்துக்கென்று டெலிவிஷன் நிலையம் வைத்துக்கொள்ள இங்கு வழி இல்லை. தூர்தர்ஷனின் பழைய கோபுரங்களும், முக்கியமான சில இடங்கள் நீங்கலாக, 2022 மார்ச் மாதத்துக்குள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. கூரை மேல் துருப்பிடித்து நிற்கும் கம்பி ஆன்டெனாவால் இனிப் பயனில்லை.

ஆகவே இப்போது இரண்டு வழிகளே முக்கியமாக உள்ளன. ஒன்று தூர்தர்ஷனின் 'ஃப்ரீ டிஷ்'. தட்டு ஆன்டெனாவும் செட்டாப் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். மாதக் கட்டணம் இல்லை. டி.டி. தமிழும், 2015 மே மாதம் தொடங்கிய டி.டி. கிசான் சேனலும் இதில் கிடைக்கும். கிசான் பெரும்பாலும் இந்தியில் வருவதால் நம் விவசாயிகளுக்குப் பயன் குறைவே.

மற்றொன்று கேபிள். ஊர்க் கேபிள்காரர் பெரிய விநியோக நிறுவனம் ஒன்றிடமோ, அரசு கேபிள் டி.வி. கழகத்திடமோ இணைப்புப் பெற்றே சேனல்களைத் தருகிறார். எந்தச் சேனல் வர வேண்டும் என்பது பெரும்பாலும் மேலேயே முடிவாகிறது. எனினும் 1995-ஆம் ஆண்டு கேபிள் சட்டத்தின் 8-வது பிரிவின்படி, அரசு அறிவித்த தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிளில் கட்டாயம் தர வேண்டும். வராவிட்டால் முதலில் கேபிள்காரரிடம் எழுத்து மூலம் கேட்கவும். பிறகு மாவட்ட ஆட்சியரிடமோ கோட்ட அதிகாரியிடமோ மனுக் கொடுக்கலாம். சட்டப்படி அவர்களே அதிகாரம் பெற்ற அலுவலர்கள். ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் இதை எழுப்பலாம்.

விநியோக நிறுவனங்கள் தமது சொந்த உள்ளூர் சேனல்களை நடத்தவும் 2022 நவம்பரில் விதிமுறை வந்தது. சேனலுக்கு ஆயிரம் ரூபாய் செலுத்தி அமைச்சகத்தில் பதிவு செய்ய வேண்டும். திருமண வாழ்த்தும் சினிமாப் பாட்டும் ஓடும் இச்சேனல்களில் வாரம் அரை மணி நேரம் வேளாண்மைக்குக் கேட்டுப் பெறுவது நடக்கக்கூடியதே. உழவர் குழுக்கள் இதற்கு முயல வேண்டும். நிகழ்ச்சிக்கு வேண்டிய தொழில்நுட்பச் செய்தியை வேளாண் அறிவியல் நிலையங்களிடம் கேட்கலாம்.

வானொலிக்கு வழி திறந்துள்ளது

டெலிவிஷனில் கிடைக்காத வட்டார உரிமம் வானொலியில் கிடைக்கிறது. 2006-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி வேளாண்மைப் பல்கலைக்கழகங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், பதிவு செய்து மூன்றாண்டுகள் ஆன தொண்டு அமைப்புகள் ஆகியவை சமுதாய வானொலிக்கு விண்ணப்பிக்கலாம். தனி நபருக்கும், அரசியல் கட்சிக்கும், இலாப நோக்குள்ள நிறுவனத்துக்கும் உரிமம் இல்லை. ஒலிபரப்பும் சக்தி 100 வாட். சமவெளியில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரை கேட்கும். ஓர் ஒன்றியத்தின் பெரும் பகுதிக்குப் போதுமானது. நிகழ்ச்சிகளில் பாதிக்குக் குறையாமல் உள்ளூரிலேயே தயாரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பீஜ் நிலையத்தார் விரும்பிச் செய்ததை இங்கு விதியே கட்டாயமாக்குகிறது. அகில இந்திய வானொலிச் செய்தியைத் தவிர வேறு அரசியல் செய்தி கூடாது. ஆனால் வானிலை, உள்ளூர் அறிவிப்புகள் ஆகியவற்றுக்குத் தடை இல்லை.

தெலங்கானாவில் ஜகீராபாத் அருகே மாச்னூரில் 2008 முதல் இயங்கும் 'சங்கம் ரேடியோ'வை மானாவாரி நிலத்தில் சிறுதானியம் பயிரிடும் ஏழைப் பெண்களே நடத்துகிறார்கள். நமது பாம்பனில் 2016-ல் 'கடல் ஓசை' மீனவர்களுக்காகத் தொடங்கப்பட்டது.

விண்ணப்பம் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குச் செய்ய வேண்டும். அலைவரிசை ஒதுக்கீட்டுக்குத் தனி அனுமதி தேவை. ஆகவே காலம் பிடிக்கும். கருவிகள் வாங்குவதைவிட, அன்றாடம் நிகழ்ச்சி தயாரிக்க ஆட்களைத் திரட்டுவதே கடினம். எனவே விண்ணப்பிக்கும் முன்பே நான்கைந்து ஊர்களில் பேசத் தெரிந்த விவசாயிகளையும் விவசாயப் பெண்களையும் அடையாளம் கண்டு, கைப்பேசியில் பேட்டிகளைப் பதிவு செய்து பழக்குவது நல்லது. முன்வரும் உழவர் மன்றங்கள் தத்தம் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத் தலைவரை அணுகி, நிலையத்தின் பெயரில் விண்ணப்பிக்கக் கோரலாம்.