கமராவின் நினைவக அட்டையும் வேக நியமங்களும்

முன்னாளிற் படச்சுருளில் ஒளியைப் பதித்த கமரா, இந்நாளிற் படத்தை எண்களாக்கி நினைவக அட்டையில் எழுதிவைக்கின்றது. அவ்வட்டையின் முகப்பிலே பல எண்களும் எழுத்துக்களும் நெருங்கிக் கிடப்பதை யாவரும் கண்டிருப்பர். அவற்றின் பொருளறிந்து வாங்குவோர் சிலரே. அறியாமையால் நேர்வது பண நட்டம் மாத்திரமன்று. மீண்டும் வாராத ஒரு நிகழ்ச்சியின் பதிவே இடைநடுவில் நின்றுபோகலாம். ஆதலின் அக்குறிகளை ஈண்டுச் சுருக்கமாக விளக்க முற்படுகின்றோம்.

சான்டிஸ்க், மற்சுசிற்றா, தோசிபா என்னும் மூன்று நிறுவனங்கள் 1999ஆம் ஆண்டில் எஸ்.டி. அட்டையை அறிமுகஞ் செய்தன. 32 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமுங் கொண்ட அதன் வடிவம் இன்றும் மாறவில்லை. கொள்ளளவும் வேகமுமே வளர்ந்தன. புறவடிவம் ஒன்றாயிருத்தலே மயக்கத்துக்கு முதற் காரணமாகும்.

வேகம் இருவகைப்படும்: அட்டையிலிருந்து வாசிக்கும் வேகம் ஒன்று, அதில் எழுதும் வேகம் மற்றொன்று. முகப்பிற் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் உச்ச வாசிப்பு வேகமேயாம். கமராவுக்கு வேண்டியதோ, இடையறாது எழுதுங்கால் எவ்வளவிற்குக் குறையாது என்னும் உறுதி. 'வி' என்னும் எழுத்தை அடுத்துவரும் 30, 60, 90 ஆகிய எண்கள் அவ்வுறுதியையே குறிப்பன. வி30 எனின், செக்கனுக்கு 30 மெகாபைற்றிற்குக் குறையாது எழுதும் என்பது பொருள்.

இங்கே மாணவர் ஒரு கணக்கைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். கமராவின் பதிவுவீதம் மெகாபிற்றிற் கூறப்படும். அட்டையின் வேகமோ மெகாபைற்றிற் கூறப்படும். 8 பிற்றுக்கள் ஒரு பைற்று. செக்கனுக்கு 400 மெகாபிற்று வீதம் பதியும் சலனப்படத்துக்கு 50 மெகாபைற்று வேகம் தேவை. எனவே வி30 போதாது, வி60 வேண்டும். 100 மெகாபிற்றாயின் தேவை 12.5 மெகாபைற்றே, அதற்கு வி30 தாராளம்.

தொடர்ந்து விரைவாக நிழற்படம் எடுக்குங்கால், படங்கள் முதலிற் கமராவின் உள் நினைவகத்திற் சேர்ந்து, பின்னரே அட்டைக்குச் செல்லும். வரத்து மிகுந்து மதகு சிறுத்த குளம் நிரம்புதல் போல, அட்டை மந்தமாயின் உள் நினைவகம் நிரம்பும். கமராவின் வேகமுந் தளரும்.

வேகத்துக்குப் பாதையும் வேண்டும். யு.எச்.எஸ். ஒன்று என்னும் நியமத்தின் எல்லை செக்கனுக்கு 104 மெகாபைற்று. இரண்டாம் வரிசைத் தொடுமுனைகளைப் பெற்ற யு.எச்.எஸ். இரண்டின் எல்லை 312 மெகாபைற்று. பின்னைய அட்டையை முன்னைய நியமக் கமராவிற் பொருத்தலாம். ஆயினும் பழைய வேகமே கிட்டும். 2017ஆம் ஆண்டில் வெளிவந்த சி.எப். எக்ஸ்பிரஸ் நியமம், கணினியினுள்ளே உறுப்புக்களை இணைக்கும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதையையே கைக்கொண்டது. 2019ஆம் ஆண்டில் ஏ, பி, சி என மூன்று வடிவங்கள் வகுக்கப்பட்டன. அவை அளவில் வேறுபடுதலின், ஒன்றற்குரிய துளையில் மற்றொன்று பொருந்தாது.

ஆகவே, அட்டையை வாங்குமுன் கமராவின் கைந்நூலை நோக்குக. அது எந்நியமத்தை ஏற்கும், எவ்வீதத்திற் பதியும் என்பவற்றை அறிந்தபின் அதற்கேற்ற உறுதியெண்ணைத் தேர்க. முகப்பின் பேரெண் விற்போர்க்கு உதவும். 'வி'யை அடுத்த சிற்றெண்ணே பதிவோர்க்கு உதவும்.