தலையில் நட்சத்திரம், முதுகில் பேட்டரி

லண்டன், 1882 நவம்பர் 25. சவாய் தியேட்டரில் புது இசை நாடகம். மேடை நிறைய தேவதைகள் ஆடிப் பாடுகிறார்கள். அவர்களில் சிலருடைய தலையில் திடீரென்று ஒரு நட்சத்திரம் பளிச்சிடுகிறது. அது மெழுகுவர்த்தி இல்லை. காஸ் குழாயோ, மேலேயிருந்து தொங்கும் கம்பியோ இல்லை. தேவதை எந்தப் பக்கம் ஓடினாலும் வெளிச்சமும் கூடவே ஓடுகிறது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் அன்றுவரை மின்விளக்கு எரிந்ததே கிடையாது. வாயைப் பிளந்து பார்த்திருப்பார்கள்.

ரகசியம் தேவதையின் முதுகில் இருந்தது. நீங்கள் பள்ளிக்கூடப் பையைச் சுமப்பது போல, அவர்கள் ஆளுக்கொரு சின்ன பேட்டரியை உடைக்குள் மறைத்துச் சுமந்தார்கள். அதிலிருந்து ஒரு கம்பி கூந்தல்வரை போய் ஒரு குட்டி பல்பில் முடிந்தது.

நாடகத்தின் பெயர் 'அயோலாந்தி'. கதை, வசனம், பாட்டு மூன்றையும் எழுதியவர் வில்லியம் ஷ்வெங்க் கில்பர்ட். பாட்டுக்கு இசை போட்டவர் ஆர்தர் சல்லிவன். இந்த மாதம் நாம் பேசப் போவது கில்பர்ட்டைப் பற்றி. அறிவியல் பகுதியில் நாடகக்காரருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், நிறையவே இருக்கிறது.

1836-இல் லண்டனில் பிறந்தவர் கில்பர்ட். முதலில் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தார், பிடிக்கவில்லை. வக்கீலானார், கட்சிக்காரர்கள் அதிகம் வரவில்லை. அந்த நேரத்தில் 'ஃபன்' என்ற வாரப் பத்திரிகைக்கு வேடிக்கைப் பாட்டுகள் எழுதி, படமும் தானே போட்டு அனுப்பினார். வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரான 'பாப்' என்பதையே அவற்றுக்குக் கையெழுத்தாகப் போட்டார். பிறகு நாடகம். 1871 முதல் 1896 வரை சல்லிவனோடு சேர்ந்து 14 இசை நாடகங்கள் தந்தார்.

அவருடைய நகைச்சுவைக்கு ஒரு தனி முறை உண்டு. அர்த்தமில்லாத ஒரு விதியை எடுத்துக்கொள்வார். அதை ஒப்புக்கொண்டால் அடுத்து என்ன நடக்கும் என்று கணக்கு வாத்தியார் மாதிரி படிப்படியாகப் போவார். 'அயோலாந்தி'யில் ஸ்ட்ரெஃபன் என்று ஓர் இளைஞன் வருகிறான். அம்மா தேவதை, அப்பா மனிதர். அதனால் அவன் இடுப்புவரைக்கும் தேவன், இடுப்புக்குக் கீழே மனிதன்! தேவதைகளால் சாவித் துவாரத்தில் நுழைய முடியும். இவனும் நுழைவான், ஆனால் பாதி உடம்புதான் உள்ளே போகும். கால் இரண்டும் வெளியே உதைத்துக்கொண்டு நிற்கும். விதி ஒன்றுதான் பொய், அதிலிருந்து வருவதெல்லாம் சரியான கணக்கு. அதனால்தான் சிரிப்பு வருகிறது.

மேடையிலும் அவர் அப்படித்தான். நாடகத்தை இயக்குவதும் அவரே. மேடையின் மாதிரி ஒன்றை ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற அளவில் செய்து வைத்திருப்பார். நடிகர்களுக்குப் பதில் அதில் மரத்துண்டுகள். ஆணுக்கு 3 அங்குலத் துண்டு, பெண்ணுக்கு இரண்டரை அங்குலம். அப்படியானால் நிஜத்தில் எத்தனை அடி உயரம் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். யார் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அந்தத் துண்டுகளை நகர்த்தி நகர்த்தி முடிவு செய்த பிறகுதான் ஒத்திகைக்குப் போவார். 1878-இல் கப்பலில் நடக்கும் 'எச்.எம்.எஸ். பினஃபோர்' நாடகத்துக்காக போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கே போய், பழைய போர்க்கப்பல்களைப் பார்த்துப் படம் வரைந்து வந்தார். கூத்து வேடிக்கையாக இருக்கலாம், கப்பல் மட்டும் நிஜக் கப்பலாகத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம்.

அந்தக் காலத்து தியேட்டர்களில் காஸ் விளக்குதான். நிலக்கரியைச் சூடாக்கி எடுத்த வாயு குழாய் வழியாக வந்து நூற்றுக்கணக்கான முனைகளில் எரியும். நெருப்பு எரிய ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனைத் தின்றுவிட்டு, கரியமில வாயுவையும் நீராவியையும் வெப்பத்தையும் அது வெளியே விடும். கதவெல்லாம் சாத்திய அரங்கில் மூன்று மணி நேரம் இப்படி என்றால் தலைவலி வராமல் என்ன செய்யும்? சூடான காற்று மேலே போகும் என்று படித்திருப்பீர்கள். குறைந்த விலை டிக்கெட் வாங்கி மேல்மாடத்தில் உட்கார்ந்தவர்கள்தான் அதிகம் வெந்தார்கள். இது சின்னத் தொல்லை. பெரிய ஆபத்து வேறு. நடனக்காரர்களின் மெல்லிய மஸ்லின் உடை அந்தச் சுடரில் பட்டால் போதும். பாரிஸில் எம்மா லிவ்ரி என்ற இளம் நடனக் கலைஞர் 1862-இல் ஒத்திகையின்போது அப்படித்தான் தீக்காயமடைந்தார். அவர் பிழைக்கவில்லை.

கில்பர்ட், சல்லிவன் இருவரின் நாடகங்களையும் நடத்தி வந்த ரிச்சர்ட் டாய்லி கார்ட் புதிய தியேட்டர் ஒன்றைக் கட்டினார். அதுதான் சவாய். அதில் மின்விளக்குதான் என்று தீர்மானித்தார். பக்கத்துக் காலி இடத்தில் நீராவி இயந்திரங்களை வைத்து, அவற்றால் டைனமோவைச் சுழற்றி மின்சாரம் எடுத்தார்கள். சுமார் 1,200 பல்புகள். செய்து கொடுத்தவர் ஜோசப் ஸ்வான்.

பல்பைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் உடனே எடிசன் என்பீர்கள். அமெரிக்காவில் எடிசன் உழைத்த அதே காலத்தில், இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஸ்வானும் உழைத்தார். பாடப் புத்தகங்களில் அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் தரலாம் என்பது என் எண்ணம். அவர் சந்தித்த சிக்கல் இதுதான். மெல்லிய கரி இழையில் மின்சாரம் பாய்ந்தால் அது சூடாகிப் பழுத்து ஒளிவிடும். ஆனால் கரி ஆயிற்றே! காற்றில் ஆக்சிஜன் இருப்பதால் சட்டென்று எரிந்து சாம்பலாகிவிடும். அப்படியானால் இழையைக் கண்ணாடிக் குமிழுக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். 1850-களில் ஸ்வான் தொடங்கியபோது அதற்கேற்ற நல்ல பம்பு இல்லை. உள்ளே தங்கிய கொஞ்சக் காற்றே இழையைத் தின்றது. 1865 வாக்கில் ஸ்ப்ரெங்கல் என்பவர் பாதரசத்தால் இயங்கும் பம்பை உருவாக்கினார். குழாயில் விழும் ஒவ்வொரு பாதரசத் துளியும் கொஞ்சம் காற்றைச் சிறைபிடித்துக் கீழே தள்ளிக்கொண்டு போகும். அந்தப் பம்பு கிடைத்த பிறகுதான், 1870-களின் கடைசியில், ஸ்வானின் குண்டு பல்பு நின்று எரிந்தது.

1881 அக்டோபர் 10 அன்று சவாய் திறந்தது. மின்சாரம் போதாததால் அன்று அரங்கத்தில் மட்டும்தான் பல்பு, மேடையில் காஸ். இரண்டே மாதத்தில், டிசம்பர் 8 அன்று, வியன்னாவின் ரிங் தியேட்டரில் காஸ் விளக்கு ஏற்றும்போது தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஐரோப்பா முழுவதும் நாடகம் பார்க்கப் போகவே மக்கள் பயந்த நேரம் அது. அந்த மாதம் 28-ஆம் தேதி சவாயின் மேடையும் மின்விளக்குக்கு மாறியது. கார்ட் மேடையில் வந்து நின்றார். எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பின் மேல் மஸ்லின் துணியைச் சுற்றினார். எளிதில் பற்றிக்கொள்ளும் அதே துணி! எல்லோரும் பார்க்க, பல்பை உடைத்தார். விளக்கு அணைந்தது. துணியை விரித்துக் காட்டினார், கருகல்கூட இல்லை.

எப்படி? கண்ணாடி உடைந்ததும் வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. ஆக்சிஜன் பட்டவுடன் அந்த நூலிழைக் கரி எரிந்து அறுந்துவிடுகிறது. இழை அறுந்தால் மின்சாரம் பாய வழியில்லை. இழையும் மிக மெலிசு, அதிலிருக்கும் மொத்த வெப்பமும் கொஞ்சம்தான். துணி பற்றிக்கொள்ளும் முன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது. இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், தம்பி தங்கைகளே. கண்ணாடிச் சில்லும் ஆபத்து, நம் வீட்டு மின்சாரமும் ஆபத்து.

அடுத்த ஆண்டு 'அயோலாந்தி' முதல் நாள் ஆட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர் கேப்டன் ஷா, லண்டன் தீயணைப்புப் படையின் தலைவர். தியேட்டர்களில் ஏற்படும் தீ விபத்துகளைப் பற்றி 1876-லேயே புத்தகம் எழுதியவர். தேவதைகளின் ராணி மேடையில் நின்று, உங்கள் தண்ணீரால் என் மனசிலிருக்கும் காதல் தீயை அணைக்க முடியுமா என்ற கருத்தில் அவர் பெயரைச் சொல்லியே பாடினாள். கில்பர்ட் எழுதிய பாட்டு. தீயை வைத்துச் சிரிக்கும் தைரியம், தீ பயம் குறைந்த தியேட்டரில்தானே வரும்!

மின்சாரத்தால் வெளிச்சம் மட்டுமா கிடைத்தது? வேண்டும்போது இருட்டும் கிடைத்தது. காஸ் விளக்கை மொத்தமாக அணைத்தால் திரும்ப ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். அதனால் சிறு சுடராகக் குறைத்துத்தான் வைப்பார்கள். 1887-இல் வந்த 'ரடிகோர்' நாடகத்தில், சுவரில் மாட்டியிருக்கும் முன்னோர் படங்களுக்கு உயிர் வந்து பேய்களாக இறங்க வேண்டும். படத்தை எடுத்துவிட்டு அங்கே நடிகர் வந்து நிற்பது யார் கண்ணிலும் படக்கூடாது. விளக்கு எல்லாவற்றையும் ஒரே நொடியில் அணைத்தார்கள், கும்மிருட்டு. ஆனால் இசைக்குழு எதைப் பார்த்து வாசிப்பது? அதற்கும் வழி செய்திருந்தார்கள். சல்லிவன் கையிலிருந்த கோல் ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே பிளாட்டினக் கம்பி. குறைந்த மின்சாரம் பாய்ந்ததால் கம்பி மங்கலான சிவப்பில் ஒளிர்ந்தது. கொல்லர் பட்டறையில் பழுக்கும் இரும்பைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் சிவப்பு, சூடு ஏற ஏற மஞ்சள், அப்புறம் வெண்மை. சூடு குறைவாக இருக்கும்போது வருவது சிவப்பு.

தொலைபேசியும் இவர்கள் கதையில் வருகிறது. கிரஹாம் பெல் 1876-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டே ஆண்டில், 'பினஃபோர்' பாட்டு ஒன்றில் கில்பர்ட் அதை நுழைத்துவிட்டார். பிறகு வீட்டுக்கும் தியேட்டருக்கும் இடையே இணைப்பு போட்டு, வீட்டில் உட்கார்ந்தபடியே ஒத்திகையைக் காதால் கவனித்தார். 1883 மே 13 அன்று சல்லிவன் தன் பிறந்தநாள் விருந்துக்கு வந்தவர்களுக்கு 'அயோலாந்தி' பாட்டுகளை சவாயிலிருந்து தொலைபேசி வழியே கேட்க வைத்தார். வானொலி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்த நேரடி ஒலிபரப்பு!

1890-இல் தியேட்டருக்கு வாங்கிய கம்பளச் செலவில் தொடங்கி கில்பர்ட்டும் கார்ட்டும் பெரிதாகச் சண்டை போட்டார்கள். சல்லிவன் கார்ட் பக்கம் நின்றார். பின்னால் கில்பர்ட்டும் சல்லிவனும் சேர்ந்து இன்னும் இரண்டு நாடகம் தந்தார்கள், பழைய ஓட்டம் இல்லை. 1907-இல் கில்பர்ட்டுக்கு சர் பட்டம் கிடைத்தது. 1911-இல், 74 வயதில், ஹாரோவில் தன் வீட்டு ஏரியில் ஒரு பெண் தத்தளித்துக் கூப்பிட்டதைக் கேட்டு நீரில் குதித்தார். அந்தப் பெண் பிழைத்தார், கில்பர்ட்டின் இதயம் நின்றுவிட்டது.

அவர் விட்டுப்போன கணக்கு ஒன்று இருக்கிறது. 1879-இல் அரங்கேறிய 'பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' நாடகத்தில் ஃபிரெடரிக் என்ற பையனை, காது மந்தமான ஆயா தவறுதலாகக் கடற்கொள்ளையரிடம் வேலை பழகச் சேர்த்துவிடுகிறாள். 21 வயதானதும் விடுதலை என்று துள்ளுகிறான். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், 21-ஆம் பிறந்தநாள் வரை என்று இருக்கிறது. அவன் பிறந்ததோ பிப்ரவரி 29! நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பிறந்தநாள், இதுவரை ஐந்துதான் வந்திருக்கிறது. 1940 வரை அவன் கொள்ளையனாகவே இருக்க வேண்டும் என்கிறது நாடகம்.

1940 சரியா? பூமி சூரியனைச் சுற்றிவர 365 நாளும், கால் நாளுக்குக் கொஞ்சம் குறைவான நேரமும் ஆகிறது. அந்தக் குறைவைச் சரிக்கட்ட, 400-ஆல் வகுபடாத நூற்றாண்டு முடிவுகளில் பிப்ரவரி 29-ஐ விட்டுவிடுகிறோம். 1900 அப்படி ஒரு வருடம். ஃபிரெடரிக் பிறந்தது 1852 என்று வைத்து எண்ணுங்கள், 1900-ஐத் தாண்டிப் போங்கள். 21-ஆம் பிறந்தநாள் சரியாக 1940-இல் வரும். 1856 என்று வைத்தால் 1944 வரும், அப்போது கில்பர்ட் 1900-ஐ மறந்துவிட்டார் என்று ஆகும். முதல் விடைதான் சரி என்றால் கதை நடப்பது 1873-இல். ஆனால் அதே நாடகத்தில் வரும் தளபதி ஒருவர், 1878-இல் அரங்கேறிய 'பினஃபோர்' பாட்டுகளைச் சீட்டியடிப்பேன் என்று பாடுகிறார். 1856-ஐ வைத்தாலும் இந்த முடிச்சு அவிழவில்லை. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நீங்கள் முயன்று பாருங்கள்.