எடைக்குப் போடும் முன் யோசியுங்கள்: பழைய பித்தளை வாத்தியத்தின் மதிப்பு



மாரியம்மன் நோம்பிக்குக் கொம்பு ஊதியவர், கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்டோடு போய் ட்ரம்பெட் வாசித்தவர் என்று நம் கொங்குப் பக்கம் பல குடும்பங்கள் உண்டு. வாசித்தவர் காலமானதும் வாத்தியம் அட்டாலிக்குப் போய்விடும். ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவோ, பிள்ளைக்குப் பீஸ் கட்டும் செலவோ வரும். அந்த நேரம் பார்த்து, "பழைய பித்தளை இருக்குதாங்க அக்கா?" என்று வியாபாரி வாசலில் நிற்பார். நாமும் தராசில் வைத்துவிடுவோம். உருக்கிய பிறகு அது திரும்பி வராதுங்க. அதனால் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்.

மூன்று விலை உண்டு

முதலாவது, உலோக விலை. ஒரு ட்ரம்பெட் சுமார் 1 கிலோதான் இருக்கும். கணக்குக்காகப் பழைய பித்தளை கிலோ 500 ரூபாய் என்று வைத்தால், கைக்கு வருவது 500 ரூபாய். இரண்டாவது, வாசிப்பு விலை. இன்னும் ஊத முடிந்தால், வாசிக்கிறவர் வாத்தியமாகவே வாங்குவார். மூன்றாவது, பழமை விலை. வயதும் செய்தவர் பெயரும் தெரிந்தால் சேகரிப்பவர்கள் கேட்பார்கள். தராசு முதல் விலையை மட்டும்தான் சொல்லும்.

என்ன வாத்தியம்?

கொம்பு வளைந்திருக்கும், துண்டு துண்டாகக் கழற்றி மாட்டலாம். தாரையும் எக்காளமும் நீண்ட நேர்க்குழாய்கள். திருச்சின்னம் என்பது ஜோடிக் குழாய், ஒருவரே இரண்டையும் ஒன்றாக ஊதுவார். ட்ரம்பெட்டில் சுமார் 5 அடிக் குழாயை மடித்திருப்பார்கள், மேலே 3 பிஸ்டன் இருக்கும். வாய் வைத்து ஊதும் துண்டு தனியாகக் கழன்று வரும். அது காணாமல் போனால் விலை குறையும். பெட்டி, சாக்கு எல்லாம் தேடிப் பாருங்கள்.

எப்படிச் சோதிப்பது?

1. விரிந்த வாய்ப்பகுதியில் காந்தம் வையுங்கள். பித்தளையில் ஒட்டாது. நன்றாக ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். பிஸ்டன் பக்கம் வைக்காதீர்கள், உள்ளே எஃகு ஸ்பிரிங் இருக்கலாம்.

2. வெள்ளையாக இருந்தால் எவர்சில்வர் என்று தள்ளிவிடாதீர்கள். பித்தளைக்கு வெள்ளி முலாமோ நிக்கல் முலாமோ பூசுவது உண்டு.

3. எழுத்து, எண் பொறித்திருக்கிறதா பாருங்கள். லண்டனில் பூசி, ஹாக்ஸ் என்ற இரண்டு கம்பெனிகள் 1930-ல் ஒன்றாக இணைந்தன. இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் அது 1930-க்குப் பிறகு செய்தது. உத்தரப்பிரதேசத்து மீரட்டும் பேண்டு வாத்தியத்துக்குப் பேர் போன ஊர். ஆனால் பெயரை யாரும் பொறித்துவிடலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

4. பிஸ்டனை அழுத்தினால் தானாக மேலே வருகிறதா? நசுங்கல், ஒட்டுப்போட்ட இடம் உண்டா? இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருந்தால் அங்கே துத்தநாகம் போய்ப் பித்தளை பலம் இழந்துவிட்டது என்று அர்த்தம். இறுகிய பிஸ்டனைக் குறடு போட்டுத் திருகாதீர்கள்.

5. புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்க்காதீர்கள். முலாமும் எழுத்தும் தேய்ந்தால் விலையும் தேயும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

யாரிடம் கேட்பது?

வாசிக்கிற இரண்டு பேரிடமும், வாத்தியக் கடை ஒன்றிலும் தனித்தனியாக விலை கேளுங்கள். கொம்பு, திருச்சின்னம் போன்றவை எந்தக் காலத்தவை என்று கோவை அல்லது ஈரோடு அரசு அருங்காட்சியகத்தில் விசாரிக்கலாம். அடையாளம் தெரியாத ஆளிடம் பொருளைக் கொடுத்தனுப்பாமல் முதலில் செல்போனில் போட்டோ எடுத்துக் காட்டுங்கள்.

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. "ஃபாரின்காரர் வாங்கிக்குவார்" என்று யாராவது ஆசை காட்டினால் கவனமாக இருங்கள். கோயிலுக்குச் சொந்தமான கொம்பு நம் வீட்டில் இருந்தால் அது விற்கிற பொருள் அல்ல, கோயிலில் ஒப்படைக்க வேண்டியது.

குழு எதற்கு இருக்கிறது?

அவசரம்தான் நம் பொருளைக் குறைந்த விலைக்குத் தள்ளுகிறது. அன்றைய செலவுக்குக் குழுவில் உள்கடன் வாங்கிச் சமாளியுங்கள். ஒரு மாதம் பொறுத்து, நாலு இடத்தில் விசாரித்து விற்றுக் கடனைக் கட்டலாம். விற்க மனசு வரவில்லை என்றால், ஊரில் வாசிக்கப் பழகுகிற பிள்ளைக்கு வாடகைக்கும் கொடுக்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். யார் வீட்டு அட்டாலியில் என்ன இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.