மீதி 2 சதவீதம்

வேதிப்பொருள் புட்டியின் லேபிளில் ‘தூய்மை 98%’ என்று அச்சிட்டிருக்கும். மீதி 2 சதவீதம் என்ன என்பதைப் பெரும்பாலான லேபிள்கள் சொல்வதில்லை. கரிம வேதியியலை ஆர்வத்தால் செய்துபார்ப்பவர்கள், விளைச்சல் குறைந்தால் முதலில் செய்முறையைத்தான் சந்தேகிக்கிறார்கள். குற்றம் பல நேரம் புட்டிக்குள் இருக்கிறது.

மாசுகளில் மிகச் சாதாரணமானது தண்ணீர். அது செய்யும் கெடுதல் வினைக்கு வினை மாறும். எத்தனாலையும் அசிட்டிக் அமிலத்தையும் சம மோல் அளவில் சேர்த்தால், சமநிலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எத்தில் அசிட்டேட்டாகும். சுத்த எத்தனாலுக்குப் பதில் 95 சதவீத எத்தனாலை எடுத்தாலும் விளைச்சல் 67-லிருந்து 65 சதவீதத்துக்குத்தான் இறங்கும். அமிலத்துக்குப் பதிலாகக் கடையில் விற்கும் 5 சதவீத வினிகரை ஊற்றினால் கதையே வேறு: ஒரு மோல் அமிலத்துடன் 60 மோலுக்கு மேல் தண்ணீர் சேர்ந்து வருகிறது, 6 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் எஸ்டர் கிடைக்கும்.

மக்னீசியச் சேர்மத்தைக் காரணியாகக் கொண்ட கிரிக்னார்டு வினை தண்ணீர் விஷயத்தில் இன்னும் கறாரானது. 100 மில்லி ஈதரில் 0.1 சதவீதம் நீர் இருந்தால் அது சுமார் 4 மில்லிமோல். 20 மில்லிமோல் அளவில் செய்யும் சோதனையில் கிரிக்னார்டு காரணியின் ஐந்தில் ஒரு பங்கு இதிலேயே அழிந்துவிடும்.

புட்டி வாங்கியபோது இல்லாத மாசு, அலமாரியில் இருக்கும்போதே உருவாவதும் உண்டு. பென்சால்டிஹைடு நல்ல உதாரணம். பாதாம் வாசனையுள்ள இந்தத் திரவம் காற்று பட்டுப் பட்டு பென்சாயிக் அமிலமாக மாறுகிறது; பழைய புட்டியின் வாயிலும் மூடியின் மரையிலும் வெள்ளைப் படிகமாக அது ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அசிட்டோனுடன் சேர்த்து டைபென்சால் அசிட்டோன் செய்யும்போது, வினையூக்கியாகச் சேர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு பகுதியை அந்த அமிலம் தின்றுவிடும். மஞ்சள் படிகம் வரவேண்டிய இடத்தில் பிசுபிசுப்பு மிஞ்சக்கூடும். சோடியம் கார்பனேட் கரைசலால் கழுவி, உலர்த்தி, வடித்தெடுப்பதே வழி. ஈதர் பழசானால் வருவது அதைவிட ஆபத்தான பெராக்சைடு. புட்டிக்குள் படிகம் தெரிந்தால் அதைத் திறக்கவே கூடாது.

கண்ணுக்குத் தெரியாத அளவு மாசுகூட ஒரு வினையின் விளக்கத்தையே மாற்றிவிடும். நிக்கோலஸ் லெட்பீட்டர் குழுவினர் 2003-இல், வழக்கமாகப் பல்லேடியம் வினையூக்கி தேவைப்படும் சுசுகி வினை, உலோக வினையூக்கி இல்லாமலே நடப்பதாக அறிவித்தார்கள். பிறகு அவர்களே துருவிப் பார்த்தபோது, பயன்படுத்திய சோடியம் கார்பனேட்டில் 100 கோடியில் 50 பங்கு அளவுக்குப் பல்லேடியம் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. தங்கள் முடிவைத் தாங்களே திருத்தி 2005-இல் வெளியிட்ட அந்த நேர்மை பாராட்டுக்குரியது.

மாசு நன்மையிலும் முடிந்திருக்கிறது. டூபாண்ட் நிறுவனத்தில் சார்லஸ் பெடர்சன் 1962-இல் எடுத்த மூலப்பொருளில் சுமார் 10 சதவீதம் கேட்டகால் கலந்திருந்தது. அதனால் 0.4 சதவீத அளவுக்குப் பக்க விளைபொருளாக வந்த பட்டுப்போன்ற வெள்ளை இழைகளை அவர் கொட்டிவிடாமல் ஆராய்ந்தார். கிரவுன் ஈதர்கள் என்ற புதிய சேர்மக் குடும்பம் அதிலிருந்து பிறந்தது. 1987-இல் நோபல் பரிசும் வந்தது.

எனவே குறிப்பேட்டில் எடையோடும் வெப்பநிலையோடும் புட்டியின் தயாரிப்புத் தொகுதி எண்ணையும், திறந்த தேதியையும் எழுதுங்கள். எதிர்பாராத விளைவு வந்தால், வேறொரு புட்டியிலிருந்து எடுத்து ஒருமுறை செய்து பார்த்த பிறகே அதை நம்புங்கள்.