தூணின் நிழலும் மயான இருளும்

அரங்கு என்றதும் ஆடலையும் பாடலையும் நினைப்போர் பலர். விளக்கை நினைப்போர் சிலரே. இளங்கோவடிகள் அதனை மறந்திலர். அரங்கேற்று காதையிலே 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையதாக அரங்கினை வகுத்தவர், தூண்களின் நிழல் புறத்தே விழுமாறு விளக்கு நிறுத்தும் முறையையும் கூறியுள்ளார்.

இப்பகுதியை மாணாக்கர்க்கு உரைக்குந்தோறும் என் உள்ளம் தீவகத்துக் கோயில் வீதியொன்றிற்குச் சென்றுவிடும். புளியங்கூடலில் வளர்ந்த யான், சிறுவனாய் அப்பாச்சியின் அருகிருந்து, நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் மயான காண்டத்தை அங்குக் கண்டேன். மேடையில் இரண்டு பெற்றோமக்ஸ் விளக்குகளே இருந்தன. அவற்றின் ஒளி எட்டாத மூலையிலிருந்து சந்திரமதியின் புலம்பல் முதலிற் கேட்டது. மகனைச் சுமந்த உருவம் பின்னரே தோன்றியது. அந்தச் சிறுபொழுதில் அப்பாச்சியின் கை என் தோளை இறுகப் பற்றியது.

தூணின் நிழல் வேறு; அந்த இருள் வேறு. முன்னது காட்சியை மறைப்பது. பின்னது காட்சிக்கு நம் நெஞ்சை ஆயத்தஞ் செய்வது. அடிகள் விலக்கியது முன்னதையே என்பது என் துணிபு.

வைரமுத்து அவர்கள் 1989இல் மறைந்தார். அடுத்த ஆண்டுகளில் போரினால் தீவக மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். அன்று அவ்வீதியில் அமர்ந்திருந்தோர் பலர் கடல் கடந்து சென்றனர், மீண்டோர் சிலரே.

சில ஆண்டுகளின் முன் எம் மாணாக்கரைக் கொண்டு அக்காண்டத்தை மண்டபமொன்றில் நடிப்பித்தேன். மின்னொளி மேடை முழுவதும் பரந்தது. சந்திரமதி வேடமிட்ட சிறுவன் தன் முறை நோக்கி ஓரத்தில் நின்றதும் அவையோர்க்குத் தெரிந்தது. சிலர் நகைத்தனர்; சிறுவன் குரல் தளர்ந்தான். பிழை அவனதன்று, அத்தனை விளக்கும் வேண்டுமென்று கேட்டவன் யானே.

மறுமுறை கோயில் வீதியில் இரண்டு விளக்குகளோடு நடித்தோம். குரல் இருளினின்று எழுந்தது. அவையில் ஒருவரும் அசைந்திலர். என் முன்னே இருந்த தாயொருத்தி, உறங்கிய பிள்ளையை மெல்லத் தன்பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். யான் என் தோளைத் தொட்டுப் பார்த்தேன்.

நாடகம் பயிற்றும் ஆசிரிய நண்பர்களே! ஒத்திகையிற் குரலைத் திருத்தும்பொழுதே விளக்கையும் திருத்துங்கள். ஏற்ற வேண்டியன எவை என்று எண்ணும்பொழுது, அணைக்க வேண்டியன எவை என்பதையும் உடன் எண்ணுங்கள்.